கண்டு வந்து சொன்னவர்கள்: பெருந்தொற்றும் செவிலியர் சாட்சியமும்



2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு, நாடெங்கும் மக்கள் வாசலிலும் மாடியிலும் நின்று கைதட்டினார்கள். தட்டுகளும் மணிகளும் ஒலித்தன. மே 3 அன்று படை விமானங்களும் ஹெலிகாப்டர்களும் மருத்துவமனைகளின் மேல் பறந்து பூ மாரி பொழிந்தன. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, அதே 2020-ஐ உலகச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் முன்பே அறிவித்திருந்தது. செவிலியரைக் கொண்டாடக் குறித்துவைத்த ஆண்டிலேயே அவர்களிடம் உலகம் இதுவரை கேட்டிராத அளவுக்கு வேலை கேட்டது. அந்த நாட்களில் தேவதைகள், வெள்ளுடை வீராங்கனைகள், தியாகச் சுடர்கள் என்று பல பெயர்களால் அவர்களை அழைத்தோம். அந்த நன்றியில் பொய் இல்லை. ஆயினும் இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து வேறு. பெருந்தொற்றில் செவிலியர் பட்ட பாட்டைத் தியாகக் கதையாக மட்டும் நினைவில் வைத்தால், அதில் அடங்கியிருக்கும் அறிவை இழந்துவிடுவோம். நோயாளியின் பக்கத்தில் இரவும் பகலும் இருந்தவர்கள் கண்டு சொன்னவை மருத்துவச் சான்றுகள். அந்தச் சொல் கேட்கப்பட்ட இடத்தில் உயிர்கள் பிழைத்தன. கேட்கப்படாத இடத்தில் போயின. எனவே அந்தச் சொல்லுக்கு மருத்துவமனை நிர்வாகத்தில் உரிய இடம் வேண்டும்.

இந்தக் கருத்தை வெளியிலிருந்து இரவல் வாங்க வேண்டியதில்லை. நம் மொழியிலேயே அது இருக்கிறது. செவிலியர் என்ற சொல்லை நாம் அகப்பாடல்களின் செவிலித்தாயிடமிருந்து பெற்றோம். வளர்த்தவள், ஊட்டியவள் என்று மட்டுமே அவளை நினைக்கிறோம். ஆனால் தொல்காப்பியர் அவளைப் பேசும் உரிமை உடையவர்கள் வரிசையில் வைத்து, செவிலி கூற்று எந்தெந்த இடங்களில் நிகழும் என்று இலக்கணம் வகுத்தார். ஐங்குறுநூற்றில் ‘செவிலி கூற்றுப் பத்து’ என்று ஒரு பகுதியே உண்டு. மணம் முடிந்து மகள் வாழும் வீட்டுக்குப் போய், அங்கே நேரில் கண்டதைப் பெற்றவளான நற்றாயிடம் வந்து சொல்கிறாள் செவிலி. போக முடியாதவர்களுக்காகப் போய், கண்டு, வந்து சொல்வது அவள் பணி. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமோ நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்று நான்கையும் மருத்துவத்தின் சமக் கூறுகளாக வைத்து முடிகிறது. உழைச்செல்வான் என்றால் பக்கத்திலேயே இருந்து சிகிச்சையை நடத்துபவர். அவருக்கு வேண்டிய குணங்களை எண்ணும்போது பரிமேலழகர் நோயாளியிடம் அன்புடைமையைச் சொல்கிறார். அறிவுடைமையையும் சேர்த்தே சொல்கிறார். பிற்காலத்தில் நாம் அன்பை வைத்துக்கொண்டு அறிவை விட்டுவிட்டோம்.

அந்த அறிவு எது என்பதைக் கோவிட் நோயே காட்டியது. முதல் மாதங்களில் அந்த நோய்க்கு என்று நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. தீவிர நோயாளிகளின் உயிரிழப்பை டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து குறைக்கும் என்பதே 2020 ஜூன் மாதத்தில்தான் தெரியவந்தது. அதுவரை நோயாளியைக் காத்தவை ஆக்ஸிஜன், உடல் கிடக்கும் நிலை, இடைவிடாத கண்காணிப்பு ஆகியவை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தும் மூச்சுத்திணறல் தெரியாமல் பேசிக்கொண்டிருந்த நோயாளிகள் பலர். விரலில் மாட்டிய கருவி காட்டும் எண்ணையும், உதட்டின் நிறத்தையும், பேச்சில் ஏற்படும் சிறு தடுமாற்றத்தையும் சேர்த்துப் பார்த்து, ‘இவர் சரியில்லை’ என்று முதலில் சொல்ல வேண்டியவர் அந்த வார்டில் பணியில் இருக்கும் செவிலியர். டெக்ஸாமெதசோன் வந்த பிறகும் ஸ்டீராய்டால் ஏறும் சர்க்கரையை நேரம் தவறாமல் பார்த்து இன்சுலினைச் சரிப்படுத்தும் வேலை கூடியதே தவிரக் குறையவில்லை.

குப்புறப் படுக்கவைக்கும் சிகிச்சையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரான்சிலும் ஸ்பெயினிலும் 466 நோயாளிகளிடம் நடந்து 2013-இல் வெளிவந்த ‘ப்ரோசெவா’ ஆய்வு, கடும் நுரையீரல் செயலிழப்பு உள்ளவர்களை நாளொன்றுக்கு 16 மணி நேரம் அளவில் குப்புறப் படுக்கவைத்தால் 28 நாட்களுக்குள் இறப்போர் விகிதம் 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைவதைக் காட்டியது. கோவிட் காலத்தில் உலகின் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இதையே பெரிதும் நம்பின. மருத்துவர் சீட்டில் இதை ஒரு வரியில் எழுதிவிடலாம். நடத்துவது அப்படி அல்ல. வென்டிலேட்டர் குழாய், கழுத்துச் சிரையில் செருகிய குழாய், சிறுநீர்க் குழாய் எதுவும் கழன்றுவிடாமல், மயக்கத்தில் இருக்கும் உடலை நான்கைந்து பேர் ஒரே அசைவில் புரட்ட வேண்டும். கண்ணும் மூக்கும் கன்னமும் அழுந்திப் புண்ணாகாமல் தலையை அவ்வப்போது திருப்பி வைக்க வேண்டும். அந்த ஆய்வு நடந்த மருத்துவமனைகள் எல்லாம் இம்முறையில் பல ஆண்டுப் பழக்கம் உள்ளவை என்பது தற்செயல் அல்ல. கைப்பழக்கமே சிகிச்சையில் பாதி. இத்தனையையும் செய்தவர்கள் பிபிஇ கிட் எனப்படும் முழுக்கவச உடைக்குள் இருந்தார்கள். வியர்வை வழிய, கண்ணாடியில் ஆவி படிய, ஆறு எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், கழிப்பறை போகாமல், மாதவிடாய் நாட்களிலும் அப்படியே வேலை பார்த்தார்கள். முகம் தெரியாததால் உடையின் மேல் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டார்கள்.

அந்த உடைக்குள் மனம் பட்டது என்ன? வூஹான் உள்ளிட்ட ஹூபெய் மாகாணத்துக்குச் சீனாவின் பிற பகுதிகளிலிருந்து போன 42,000-க்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்களில் ஏறத்தாழ 28,600 பேர் செவிலியர். சீனாவில் 34 மருத்துவமனைகளின் 1,257 பணியாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் பாதிப் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 71.5 சதவீதத்தினரிடம் மனவேதனையும் காணப்பட்டன. செவிலியரிடமும், பெண்களிடமும், நோயாளிகளை நேரடியாகப் பார்த்தவர்களிடமும் அது கூடுதலாக இருந்தது. அதே காலத்தில் 20 செவிலியரிடம் விரிவாகப் பேசிப் பதிவுசெய்த இன்னொரு சீன ஆய்வு, களைப்பும் அச்சமும் கையறுநிலையும் இருந்த அதே மனங்களில் தொழில்மீதான பொறுப்பும் நிறைவும் கூடவே இருந்ததைக் கண்டது. இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் நொறுங்கிப்போனவர்கள் மட்டும் அல்லர். வீரர்கள் மட்டும் அல்லர். தாங்கள் செய்வதை நன்கு அறிந்திருந்த தொழில்வல்லார்கள். அறிந்திருந்ததே அவர்களின் வேதனைக்கும் காரணம். எது செய்யத் தக்கது என்று தெரிந்தும், நிறுவனத்தின் தடைகளால் அதைச் செய்ய முடியாமல்போகும் வேதனையை 1984-இல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற அறிஞர் செவிலிய அறம் பற்றிய தம் நூலில் தனியாகப் பிரித்துக் காட்டினார். அதைத் தமிழில் அறவேதனை என்று சொல்லலாம். உறவினர் உள்ளே வர முடியாத வார்டில், கைபேசியை நோயாளியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கடைசிப் பேச்சுக்கு வழிசெய்தவர், அடுத்த கட்டிலில் அலாரம் ஒலிப்பதையும் கேட்டுக்கொண்டிருந்தார். உறக்கம் உடல் களைப்பைத் தீர்க்கும். இருவரில் ஒருவரிடம்தான் போக முடியும் என்ற நிலையில் வந்த வேதனையை உறக்கமும் தீர்க்காது, ஆலோசனை முகாமும் தீர்க்காது. ஆள் எண்ணிக்கை மாறினால்தான் தீரும்.

இப்போது என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். செவிலியர் சொல் கேட்கப்படாததால் வந்த கேட்டுக்கு மிகத் தெளிவான சான்று கனடாவின் டொரண்டோ. 2003-இல் சார்ஸ் நோய் அங்கே பரவியது. மே 17 அன்று அவசரநிலை விலக்கப்பட்டது. தடுப்பு நடவடிக்கைகள் தளர்ந்தன. நோய் போய்விடவில்லை, சந்தேகத்துக்குரிய நோயாளிகள் வார்டில் இருக்கிறார்கள் என்று ஒரு மருத்துவமனையின் செவிலியர் எச்சரித்தார்கள். அது பொருட்படுத்தப்படவில்லை. ஒரு வாரத்துக்குள் இரண்டாம் அலை வெளிப்பட்டது. கனடாவில் சார்ஸ் நோயால் இறந்த 44 பேரில் இரண்டு செவிலியரும் ஒரு மருத்துவரும் உண்டு. நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் தலைமையிலான விசாரணை ஆணையம் தன் இறுதி அறிக்கையில் செவிலியரின் எச்சரிக்கை புறந்தள்ளப்பட்டதைப் பதிவு செய்தது. ஆபத்தைக் குறைக்கும் நியாயமான நடவடிக்கைக்கு அறிவியல் முற்றாக உறுதிப்படும்வரை காத்திருக்கக் கூடாது என்பதைத் தன் முதன்மையான பாடமாக வைத்தது. 2014-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் எபோலா நோயாளி ஒருவரைப் பார்த்த இரண்டு செவிலியருக்கு நோய் தொற்றியபோது, விதிமுறை மீறப்பட்டிருக்க வேண்டும் என்பதே அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் முதல் பேச்சு. கழுத்துத் தோல் வெளியே தெரியும் உடையைக் கொடுத்தார்கள், பயிற்சி போதவில்லை என்று செவிலியர் சொன்னார்கள். சில நாட்களில் அந்த மையமே தன் விதிமுறையைத் திருத்தி, தோலில் ஓர் இடமும் வெளித்தெரியக் கூடாது என்றது. பிழை விதியில் இருந்தது. விரல் செவிலியரை நோக்கி நீண்டது.

கோவிட் காலத்தில் இதே கதை பெரிய அளவில் திரும்ப நிகழ்ந்தது. முகக்கவசம் போதாத இடங்களில், கடைசி வழியாகக் கைக்குட்டையையும் கழுத்துத்துணியையும் கட்டிக்கொள்ளலாம் என்று 2020 மார்ச்சில் அதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே வழிகாட்டியது. 2020 அக்டோபருக்குள் 44 நாடுகளில் 1,500 செவிலியர் இறந்ததாக உலகச் செவிலியர் பேரவை கணக்கிட்டது. முழுத் தொகை இன்னும் கூடுதலாக இருக்கும் என்றும் சொன்னது. அமெரிக்கச் செவிலியர் சங்கம் ஒன்று அதே ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட கணக்கின்படி, அங்கே இறந்த செவிலியரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பிலிப்பினோ வழியினர். செவிலியரில் அவர்கள் பங்கோ 4 சதவீதம்தான். 2021 மே வரை உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரை மருத்துவப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்த இடைவெளியின் அகலத்தைப் பாருங்கள். ஒரு லட்சம் உயிர்கள் இருந்தனவா இல்லையா என்றே சொல்ல முடியாத கணக்கு இது. நம் நாட்டிலும் 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் இதைக் கேட்டபோது, சுகாதாரம் மாநிலப் பொருள், மத்திய அளவில் அத்தகைய விவரம் பராமரிக்கப்படவில்லை என்பதே விடையாக வந்தது. உயிரோடு இருந்தபோது சொன்னதைக் கேட்காத அமைப்பு, இறந்தபின் அவர்களை எண்ணவும் இல்லை.

‘ஆள் போதவில்லை’ என்பது செவிலியர் எங்கும் எப்போதும் சொல்லும் வாக்கியம். இதை ஊதியக் கோரிக்கையின் முன்னுரையாகக் கேட்கப் பழகிவிட்டோம். அதுவும் ஒரு மருத்துவக் கூற்று என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை லிண்டா ஐகென் குழுவினர் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், அறுவைச் சிகிச்சை பெற்றவர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாக அவர்கள் கண்டார்கள். 2014-இல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் நடந்த ஆய்விலும் ஏறக்குறைய அதே அளவு வந்தது. நம் இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் வேண்டும் என்று அளவு வகுத்திருக்கிறது. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த வாரங்களில் கட்டில்களைக் கூட்டினோம், ஆக்ஸிஜனைத் தேடி லாரிகளும் ரயில்களும் ஓடின. வென்டிலேட்டரைச் சில வாரங்களில் வாங்கிவிடலாம். அதை இயக்கி, அருகில் இருந்து பார்க்கும் செவிலியரை உருவாக்கப் பட்டயப் படிப்புக்கு மூன்று ஆண்டும் பட்டப் படிப்புக்கு நான்கு ஆண்டும் ஆகும். 2020-இல் உலக அளவில் 59 லட்சம் செவிலியர் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருந்தது. பற்றாக்குறையைக் கொள்ளைநோய் உண்டாக்கவில்லை, அம்பலப்படுத்தியது.

இதற்கு எழும் மறுப்புகள் எளியவை அல்ல. மதித்து விடை சொல்ல வேண்டியவை. முதல் மறுப்பு: சேவையைப் பற்றி உரிமை, எண்ணிக்கை, ஊதியம் என்று பேசினால் அதன் புனிதம் குறையாதா? லினி புதுசேரியை நினைத்துப் பார்க்கிறேன். கேரளத்தின் பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியரான அவர் நிபா நோயாளியைப் பார்த்ததில் தொற்று பெற்று, 2018 மே 21 அன்று இறந்தார். அவர் பார்த்தபோது அது நிபா என்று யாருக்கும் தெரியாது. அவர் அன்பை எந்த ஊதியக் கணக்கும் அளக்காது. அவர் முன் தலை வணங்குகிறேன். ஆனால் இன்னதென்று தெரியாத காய்ச்சலோடு வருபவரைப் பார்க்கும் எந்தச் செவிலியருக்கும் முதல் நிமிடத்திலேயே தக்க முகக்கவசம் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த மரணம் நமக்கு விட்டுச்சென்ற பாடம். கேம்பெல் ஆணையம் சொன்னதும் அதையே. தாமே விரும்பித் தருவது தியாகம். கையுறையும் ஆளும் இல்லாததால் பறிபோவது இழப்பு. இரண்டாவதை முதலாவதின் பெயரால் அழைப்பது, உண்மையான தியாகத்துக்குச் செய்யும் அநீதி. புகழ் எதற்குப் போதாது என்பதைப் பிரிட்டன் காட்டியது. 2020 வசந்தத்தில் வாரந்தோறும் வியாழன் இரவு வீட்டு வாசலில் நின்று கைதட்டிய நாடு அது. 2022 டிசம்பரில் அங்குள்ள ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் தன் 106 ஆண்டு வரலாற்றின் மிகப் பெரிய வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

இரண்டாவது மறுப்பு நிர்வாகிகளிடமிருந்து வருகிறது. பேரிடர் நேரத்தில் கட்டளை ஓரிடத்திலிருந்துதான் வர வேண்டும். ஆளுக்கொன்று சொன்னால் குழப்பமே மிஞ்சும் என்கிறார்கள். கட்டளை ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சரி. கட்டளை இடுபவருக்குச் செய்தி எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. 1990-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் லிவர்பூல் மருத்துவமனை ஒரு முறையைக் கொண்டுவந்தது. நாடித்துடிப்பு, சுவாசம், ரத்த அழுத்தம் குறித்த வரம்பைத் தாண்டினால் வார்டுச் செவிலியர் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் அவசர மருத்துவக் குழுவை நேரே அழைக்கலாம். பின்னர் பல நாடுகள் இதைப் பின்பற்றின. பிரிட்டன் 2012-இல் இத்தகைய எச்சரிக்கை மதிப்பெண் முறையைத் தேசிய அளவில் வகுத்தது. இதனால் மருத்துவரின் அதிகாரம் குறையவில்லை. அவருக்குச் செய்தி முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு கட்டிலில் ஒப்புக்கொண்ட இந்த உரிமையை ஒரு வார்டுக்கும், ஒரு மருத்துவமனைக்கும், ஒரு மாநிலத்தின் நோய்த் தடுப்புத் திட்டத்துக்கும் நீட்டிக்க வேண்டும் என்பதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

மூன்றாவது மறுப்பு பணம் பற்றியது. நெருக்கடிக்காக எடுத்தவர்களை எல்லாம் நிரந்தரமாக வைத்துக்கொள்ள எந்த அரசால் முடியும்? இதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 2021 ஏப்ரல், மே, ஜூன் மாதப் பணிக்காகச் செவிலியருக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. அது வரவேற்கத் தக்கது. ஆனால் பெருந்தொற்றின்போது ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட செவிலியரின் பணி 2022 டிசம்பர் 31-க்குப் பின் நீட்டிக்கப்படாது என்ற ஆணை வந்தது. நியமனத்தில் இடஒதுக்கீட்டு விதிமுறை பின்பற்றப்படவில்லை என்றது அரசு. போராட்டம் எழுந்தபின் வேறு திட்டங்களில் மாற்றுப் பணி தருவதாகவும் சொன்னது. விதி முக்கியம். விதிப்படி எடுப்பது எடுப்பவரின் கடமை. அதன் தண்டனையை எடுக்கப்பட்டவர் சுமக்க நேர்ந்தது. தனியார் மருத்துவமனைகளில் நிலைமை இன்னும் கடினம். 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவை அடுத்து அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் செவிலியர் ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரையாகவே நின்ற இடங்கள் ஏராளம். 2020 மே மாதத்தில் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளை விட்டு மணிப்பூர் உள்ளிட்ட மாநிலங்களைச் சேர்ந்த 300-க்கும் மேற்பட்ட செவிலியர் ஊருக்குத் திரும்பியதை அப்போது கடமை தவறுதல் என்றார்கள். அது ஒரு செய்தி. வாய்ச்சொல்லுக்கு இடம் இல்லாதபோது கால்கள் அதைச் சொல்லின. அனுபவம் பெற்ற செவிலியரை இழந்து, அடுத்த தொற்றுக்குப் புதியவர்களை மீண்டும் பழக்கும் செலவையும், அந்த இடைவெளியில் போகும் உயிர்களையும் கணக்கில் சேர்த்தால், அவர்களை வைத்துக்கொள்வதே சிக்கனம்.

ஆகவே நான்கு செயல்களை இந்த அவையின் முன் வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிலும் கொள்முதல் குழுவிலும் வார்டில் பணிபுரியும் செவிலியருக்கு இடம் தரப்பட வேண்டும். அவர் மாற்றுக் கருத்தை எழுத்தில் பதியும் உரிமையும், அதற்கு எழுத்தில் விடை பெறும் உரிமையும் வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் என்ற எண் வார்டு வாசலில் எழுதப்பட வேண்டும். நோயாளியின் வீட்டார் அறிய வேண்டிய முதல் எண் அது. மூன்றாவது, பெருந்தொற்றில் பணியின்போது இறந்த செவிலியர், நிரந்தரமோ ஒப்பந்தமோ, அரசோ தனியாரோ, அனைவரின் பெயரும் அடங்கிய ஏட்டை மாநிலம் தொகுக்க வேண்டும். நான்காவது நம் பல்கலைக்கழகங்களின் கடமை. அந்த வார்டுகளில் இருந்தவர்களில் பலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள்; அவர்கள் நினைவு இன்னும் மங்கவில்லை. அவர்கள் கண்டதைத் தமிழில், அவர்கள் வாய்மொழியிலேயே பதிவுசெய்து, செவிலியப் பாடத்திலும் மருத்துவப் பாடத்திலும் வைக்க வேண்டும்.

போக முடியாதவர்களுக்காகப் போய், கண்டு, வந்து சொன்னவள் அகப்பாடலின் செவிலி. நற்றாய் அவள் சொல்லைக் கேட்டாள்; அதனால்தான் அந்தப் பத்துப் பாடல்களும் இருக்கின்றன. 2020-இலும் 2021-இலும் நம்மில் யாரும் போக முடியாத அறைகளுக்குள் நம் செவிலியர் போனார்கள். கண்டார்கள். வந்து நிற்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவைத்து, அதன்படி நடப்பது இனி நம் கடமை. மருத்துவம் நான்கு கூறு என்று நம் முன்னோர் வகுத்தார்கள். அதில் ஒரு கூற்றைப் பேசவிடாத மருத்துவம் முக்கால் மருத்துவமே.